வோல்ட் அட்டையும் என் சகலையும்

என் சகலைக்குக் கோபம் வராது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, புகாராகச் சொல்கிறேன். இருபது வருடங்களாக அந்த மனிதரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிண்டல் செய்தால் என்னோடு சேர்ந்து சிரிப்பார். அவருடைய காரைப் பற்றி மட்டமாகப் பேசினால், "ஆமாண்ணே, பெட்ரோல் அதிகமாத்தான் குடிக்குது" என்பார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படித்தான் சண்டை போடுவது?

நாங்கள் இருவரும் மலேசியாவில் மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் மருமகன்கள். அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். முறைப்படி பார்த்தால் பெரிய மாப்பிள்ளை நான்தான். ஆனால் மாமியார் வீட்டில் அந்த முறை செல்லாது. செர்காம் கடற்கரையில் வாங்கிய மீனைக் குழம்பு வைத்தால் தலை சின்ன மாப்பிள்ளையின் தட்டுக்குப் போகும், வால் என் தட்டுக்கு வரும். கேட்டால் மாமியார், "பெரிய மாப்பிள்ளைக்கு முள்ளெடுக்கத் தெரியாது" என்பார். வாலில் முள்ளே கிடையாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

சகலைக்கு மலாக்கா டவுன் பக்கம் ஒரு சிப் தொழிற்சாலையில் டெக்னிஷியன் வேலை. எனக்கு நியாலாஸ் போகும் வழியில் உள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர்கீப்பர் வேலை. அவர் கையாளும் பொருளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நான் கையாளும் பொருளை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஐம்பதை நெருங்கியும் அவர் தலையில் முடி அப்படியே இருக்கிறது. என்னுடையது ஸ்டோரில் காணாமல் போகும் போல்ட்டுகளைப் போல எப்போது போனது, யார் கொண்டுபோனது என்று தெரியாமல் போய்விட்டது.

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் எனக்கு. தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா.

அன்று இரதம் புறப்படும். டிராக்டர் முன்னால் இழுக்க, நடுவில் அம்மன், பின்னால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கும் அம்மனுக்கும் இடையில் ஒரு பலகை, பலகைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலி என்னுடையது. இரதத்து விளக்குகள் அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டரின் சொற்படி நடக்கும். பிரிண்டர் ஒயரைச் சொருகும் துளையிலிருந்து நானே ஒரு ஒயர் இழுத்து, நானே செய்த ரிலே பெட்டிக்குக் கொடுத்து, அதிலிருந்து எட்டு வரிசை விளக்குகளுக்குப் பிரித்திருந்தேன். ஒரு விசையைத் தட்டினால் சூலம் மின்னும். இன்னொன்றைத் தட்டினால் மயில் தோகை விரிக்கும். மாரியம்மன் இரதத்தில் மயில் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அப்போது வரையத் தெரிந்தது மயில் மட்டும்தான்.

அதற்கான புரோகிராமை எழுத எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இன்றுவரை அதைப் புரிந்துகொண்டவர் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து. புது மெஷினில் போட்டால் ஓடாது. புது மெஷினில் அந்தத் துளையே கிடையாது. அதனால் பழைய மெஷினைப் பதினெட்டு வருடமாக ஒட்டுப் போட்டுத் தைத்த செருப்பைப் போல ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து போகும்போது தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் வாசலில் தட்டோடு நிற்பவர்கள் எல்லாம், "அண்ணே, மயில ஒரு தடவ விரிங்க" என்று கேட்பார்கள். நான் கொஞ்சம் யோசிப்பது போல இருந்துவிட்டு விரிப்பேன். என் மனைவி பக்கத்தில் நிற்பவரிடம், "எங்க வீட்டுக்காரருதான்" என்பாள். மாமியார்கூட அன்று ஒரு டம்ளர் மோரை முதலில் என்னிடம் நீட்டுவார். சகலை ஓரமாக நடந்து வருவார், தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு. அந்தக் காட்சி எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இந்த வருடத் திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒத்திகை பார்த்தோம். மயில் பாதித் தோகையோடு நின்றுவிட்டது. மெஷினை அணைத்துப் போட்டேன். மறுபடியும் பாதித் தோகை. மூன்றாவது தடவை மயிலே வரவில்லை, நீலத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

கோவில் தலைவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"என்னய்யா, மயிலுக்கு வாதமா?"

"ரேம்ல கொஞ்சம் கோளாறு தலைவரே. சரி பண்ணிரலாம்."

"பண்ணு. ஆனா ஒன்னு சொல்லிர்றேன். ஒன் சகல போன மாசம் ஒரு பெட்டி காட்டுனாரு. தீப்பெட்டி சைஸ்தான் இருக்கு. கைப்பேசில தட்டுனா லைட்டு ஆடுது. கம்ப்யூட்டரும் வேணாம், பலகையும் வேணாங்கிறாரு."

சகலையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"சும்மா அவசரத்துக்குண்ணே. ஒங்க மெஷின் இருக்கும்போது அது எதுக்கு லா."

தலைவர் முடிவாகச் சொன்னார். திருவிழாவுக்கு முந்தின வாரத்துச் சனிக்கிழமை அவர் என் வீட்டுக்கு வருவார். காலையிலிருந்து சாயங்காலம்வரை மெஷின் நிற்காமல் ஓடினால் இரதத்தில் ஏறும். இல்லையென்றால் தீப்பெட்டி ஏறும். தீப்பெட்டிக்கு நாற்காலி தேவையில்லை என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

வீட்டில் மெஷினைத் திறந்து வைத்து, ரேமைச் சோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள், ஒவ்வொரு வரியும் ஒரு பிழை. ஆலையில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வேறு இரண்டு ரேம்களைக் கேட்டு வாங்கிவந்து மாட்டினேன். அதே சிவப்பு. ஆகவே ரேமில் கோளாறில்லை என்று முடிவு செய்தேன். இதுவரை என் மூளை சரியாகத்தான் வேலை செய்தது. இதற்கு மேல்தான் தடம் மாறியது.

பழைய கம்ப்யூட்டர்க்காரர்கள் கூடிப் பேசும் ஓர் இணையப் பக்கத்தில், மதர்போர்டு கிழடு தட்டினால் ரேமுக்குப் போகும் மின்சாரம் குறைந்துவிடும் என்று யாரோ எழுதியிருந்தார். அந்த வகை ரேமுக்கு இரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். என் போர்டில் அதைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. ஆனால் அதற்கென்றே அந்தக் காலத்தில் ஒரு கூடுதல் அட்டை விற்றார்களாம். காலியாக இருக்கும் ரேம் ஸ்லாட்டில் ரேமைப் போலவே அதைச் சொருக வேண்டும். பவர் சப்ளையிலிருந்து நான்கு ஒயர் பிளக் ஒன்றை அதற்குக் கொடுக்க வேண்டும். மேலே ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் திருகினால் பக்கத்து ஸ்லாட்டுகளில் இருக்கும் ரேமுக்கெல்லாம் வோல்ட் ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சிவப்பு எண்களில் காட்டும்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சகலை வீட்டுக் கண்ணாடி அலமாரியில், அவர் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே, அதே அட்டை இருக்கிறது. ஒருமுறை அவர் அதை எடுத்துக் காட்டி விளக்கியபோது நான், "தெரியும், தெரியும்" என்று தலையாட்டியிருக்கிறேன்.

கேட்டால் உடனே கொடுத்துவிடுவார். அதுதான் சிக்கல். கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுக் கொடுக்கிற ஆளாக இருந்தால் கேட்டிருப்பேன். இவர் காரில் எடுத்துக்கொண்டு வந்து, மாட்டியும் கொடுத்துவிட்டு, தேநீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் நாற்காலியில் நான் உட்கார்ந்தாலும் அது அவர் போட்டுக் கொடுத்த நாற்காலி.

ஜொகூரில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடமிருந்து அதே போல ஓர் அட்டையை வரவழைத்தேன்.

மாட்டிய முதல் நாள் அட்டையில் வெளிச்சமே வரவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று ஜொகூர்க்காரரை வாய்விட்டுத் திட்டினேன். காப்பி கொண்டு வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அந்த வெள்ள பிளக்கு சும்மா தொங்குதே, அது எதுக்கு?"

நான்கு ஒயர் பிளக்கை மாட்டவே இல்லை. "அதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றேன். அவள் காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிளக்கை மாட்டிய பிறகு காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி ஒரு சுற்று, நின்றது. மெல்லச் சூடான பிளாஸ்டிக் வாசம் வந்தது. பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். அட்டையோடு வந்த தாளில் முதல் வரியே, திருகை இடப்பக்கமாக முழுவதும் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்கவும் என்றிருந்தது. நான் வலப்பக்கம் முழுவதும் திருப்பி வைத்திருந்தேன். தண்ணீர்க் குழாயை அப்படித்தானே மூடுகிறோம். ஆலையிலும் நான் பார்க்கும் வால்வுகள் எல்லாம் வலப்பக்கம் திருப்பினால்தான் மூடும். இது திறந்துகொண்டது. அட்டையும் ரேமும் தப்பியது அம்மன் புண்ணியம்.

இடப்பக்கம் திருப்பி வைத்துப் போட்டதும் சிவப்பு எண்கள் வந்தன. இரண்டு புள்ளி மூன்று ஒன்று. பார்த்தாயா, குறைவுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த எண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. புள்ளிக்குப் பின்னால் மூன்று ஒன்று, இரண்டு ஆறு, மூன்று நான்கு என்று பேய் பிடித்தது போல ஆடியது. மெதுவாகத் திருகினேன். இரண்டு புள்ளி நான்கு ஐந்துக்கு வந்தபோது சோதனைத் திரையில் பிழைகள் பாதியாகக் குறைந்தன. பாதி குணமானால் மருந்து சரிதான், அளவுதான் போதவில்லை என்று அர்த்தமில்லையா? இன்னும் கொஞ்சம் திருகினேன். எண் திடீரென்று இரண்டு புள்ளி ஒன்பதுக்குத் தாவியது. மெஷின் படக்கென்று அணைந்தது.

இதையே இரண்டு வாரம் செய்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். அட்டையை ஒரு ஸ்லாட்டிலிருந்து அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினேன். அங்கே எண்கள் இன்னும் மோசமாக ஆடின. ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாளில் எண்களை எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு நாள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, நான்கு இலக்க லாட்டரி எண்களா என்று கேட்டார். இவ்வளவுக்கும் நடுவே சகலையின் அலமாரியில் அந்த அட்டை கல்யாணப் போட்டோவுக்குக் கீழே சாதுவாக உட்கார்ந்திருக்கும் படம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவருடையது அவருக்காக ஒழுங்காக வேலை செய்திருக்கும். அவருக்கு எதுதான் வேலை செய்யவில்லை?

தலைவர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெஷின் ஓடியது, எட்டே காலுக்கு நின்றது. ஒன்பதரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன், சகலை. கையில் ரொட்டி சானாய் பொட்டலம். பின்னால் என் கொழுந்தியா. நான் அவசர அவசரமாக மெஷின்மேல் நான் கட்டும் சாரம் ஒன்றைப் போட்டு மூடினேன்.

"தலைவர் வர்றாருன்னு சொன்னாங்க. ஒத்தாசைக்கு இருக்கலாம்னு வந்தேண்ணே" என்றார் சகலை.

"எல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. ஒக்காருங்க, சாப்பிடுங்க."

"ஓடுதா? சத்தத்தயே காணோமே."

"சத்தமில்லாம ஓடுது."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஓடல. காலயில இருந்து அழுவாத கொறைதான். பாத்துச் சொல்லுங்க தம்பி."

சாரத்தைச் சகலை எடுக்கவில்லை. நான் எடுக்கும்வரை பொறுமையாக நின்றார். எடுத்தேன். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இது எங்கிட்ட சும்மா கெடக்கேண்ணே. கேட்டிருந்தா கொண்டாந்திருப்பேனே."

"ஒங்ககிட்ட இருக்கா?" என்றேன் நான். என் நடிப்பை நம்பியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். பாதி குணமான கதையைச் சொன்னேன். எண்கள் ஆடுவதைச் சொன்னேன். குழாய் மூடிய கதையைச் சொல்லவில்லை. அவர் காரிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்து வந்தார். திருகை இடப்பக்கம் முழுவதும் திருப்பி வைத்து மெஷினைப் போட்டார். அட்டையில் இரண்டு புள்ளி மூன்று ஒன்று. பிறகு போர்டில், ரேமுக்கு மின்சாரம் புறப்படும் இடத்தில், மீட்டரின் முனையை வைத்தார். மீட்டரில் இரண்டு புள்ளி ஐந்து எட்டு. ஆடாமல் அசையாமல் நின்றது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போர்டு ஒழுங்கா கொடுக்குதுண்ணே. ஸ்லாட்டுதான் வாங்கிக்க மாட்டேங்குது."

இரண்டு வாரம். என்னிடமும் மீட்டர் இருக்கிறது. ஆலை ஸ்டோரில் பதினோரு மீட்டர் இருக்கிறது. கொடுக்கும் இடத்தில் அளக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

மெஷினை அணைத்து, அட்டையைக் கழற்றி, அதன் தங்கநிறப் பல்வரிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அதை மூக்கருகே கொண்டுபோனார். குனிந்து போர்டையும் முகர்ந்தார். என்னைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சந்தன வாசம் வருது."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரதம் புறப்படும் முன் பூசாரி தட்டோடு வந்து டிராக்டருக்கு, ஜெனரேட்டருக்கு, மைக்செட்டுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார். ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டருக்கு வெளியே, பெட்டியின் மேல் வைத்துக்கொள்வார்கள். நான் அப்படியில்லை. முதல் வருடம் புறப்படும் நேரத்தில் மெஷின் கிளம்பவில்லை. மூடியைத் திறந்து ரேமை ஒருமுறை கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பூசாரி வந்தவர் திறந்திருந்த மெஷினுக்கு உள்ளேயே ரேமின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். உடனே கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து வருடா வருடம் மூடியைத் திறந்து, ரேமுக்கு ஒரு பொட்டு, காலி ஸ்லாட்டுக்கும் பாவம் ஒரு பொட்டு என்று நானே தாராளமாக வைத்து வந்தேன். வெளியே வைப்பவர்களுக்குப் பக்தி குறைவு என்றுகூட ஒரு எண்ணம் எனக்கு.

சகலை கைப்பேசி விளக்கை ஸ்லாட்டுக்குள் அடித்துக் காட்டினார். பதினெட்டு வருடத்துச் சந்தனம் உதிர்ந்து, அடியில் மஞ்சளாகப் பத்துப் பிடித்திருந்தது. அதன் மேல் குங்குமம். கடற்காற்றின் ஈரத்தில் இரண்டும் குழைந்து, காய்ந்து, மறுபடி குழைந்து, மின்சாரம் போகும் ஊசிகளை மூடியிருந்தன. போர்டு கொடுத்ததை ரேம் வாங்கமுடியாமல் பட்டினி கிடந்திருக்கிறது. அட்டையின் பற்களும் அதே சேற்றில் நின்றுகொண்டு கிடைத்ததை அளந்து காட்டியிருக்கின்றன.

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு சிரித்தாள். கொழுந்தியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வருஷா வருஷம் சொன்னேன், வெளிய வைங்க, வெளிய வைங்கன்னு" என்றாள் மனைவி.

"சாமி காரியம். சிரிக்காத" என்றேன்.

சிரிக்காத ஒரே ஆள் சகலை. அவர் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் எனக்கு அன்று பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அவரோ, "அண்ணே, இன்னும் ரெண்டு சுத்து ஏத்தியிருந்தீங்கன்னா ரேமு போயிருக்கும். நல்லவேள, நீங்க நிதானமா பண்ணியிருக்கீங்க" என்றார். குழாய் மூடிய கதையை நான் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஆல்கஹால் போத்தல், பழைய பல்துலக்கும் பிரஷ், பென்சில் அழிப்பான். ரேமின் பற்களை அழிப்பானால் தேய்த்தோம். ஸ்லாட்டுகளைப் பிரஷால் தேய்த்தோம். மஞ்சள் தண்ணீர் வழிந்தது. அம்மனுக்கு அபிஷேகம் செய்தது போல அறை முழுக்க வாசனை. மேசைக் காற்றாடியை வைத்துக் காயவிட்டு மாட்டினோம். அட்டையில் இரண்டு புள்ளி ஐந்து எட்டு. மீட்டரிலும் இரண்டு புள்ளி ஐந்து எட்டு. எண் ஆடவில்லை.

"இனிமே இந்த அட்டை வேணாண்ணே. சும்மா சூடாவும்" என்று அதைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். எனக்கு மனசே இல்லை. அந்தச் சிவப்பு எண்கள் பார்ப்பதற்கு எவ்வளவு பெரிய காரியம் மாதிரி இருந்தன. அழிப்பானால் தேய்த்துச் சரிசெய்தேன் என்று வெளியே சொல்லவா முடியும்?

பத்தரை மணிக்குச் சோதனையை ஓடவிட்டோம். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. மத்தியானம் சாப்பிட்டோம். அன்று என் வீட்டிலும் மீன் தலை சகலைக்கே போனது, அதுவும் என் மனைவி கையால்.

சாயங்காலம் தலைவர் வந்தபோது மயில் விரிந்து மடங்கி விரிந்து மடங்கிக் கொண்டிருந்தது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார்.

"எப்பயிருந்து ஓடுது?"

"காலயில இருந்து" என்றேன். பத்தரையும் காலைதான்.

"யாரு சரி பண்ணுனது?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. பதில் என் வாயில் இருந்தது. 'சகலைதான்.' ஒரு சொல். அதைச் சொன்னால் தலைவர் அடுத்து என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படின்னா அவரயே மேல ஒக்காரச் சொல்லு, கோளாறு வந்தா பாத்துக்குவாரு. நான் தண்ணீர் குடிப்பது போல டம்ளரைத் தூக்கினேன். டம்ளரில் தண்ணீர் இல்லை.

"அண்ணந்தான் தலைவரே. ரெண்டு வாரமா இதுலயே ஒக்காந்திருந்தாரு. நான் இன்னிக்குச் சும்மா தொடச்சு விட்டேன்" என்றார் சகலை.

இதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. நான் டம்ளருக்குள்ளேயே தலையை ஆட்டினேன். தலைவர் என் முதுகில் தட்டினார். சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைக்கப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் இரதம் புறப்பட்டது. பூசாரி தட்டோடு வந்தபோது நான் பெட்டியின் மூடியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மேல மட்டும் சாமி" என்றேன். டிராக்டர் முக்கி முனகிக் கிளம்பியது. லயத்து வாசல்களில் தட்டுகள் காத்திருந்தன. மாமியார் மோரை முதலில் என்னிடம்தான் நீட்டினார். "எங்க வீட்டுக்காரருதான்" என்ற குரலும் கேட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.

இரண்டாவது லயம் திரும்பும்போது ஜெனரேட்டர் ஒருமுறை திக்கியது. விளக்குகள் மங்கித் திரும்ப எரிந்தன. மெஷின் தாக்குப்பிடித்தது, நான்தான் பிடிக்கவில்லை. கீழே தண்ணீர்ப் போத்தல்களோடு நடந்து வந்த சகலையைக் குனிந்து கூப்பிட்டேன்.

"சகல, அந்தத் தீப்பெட்டிய கையிலயே வச்சிருங்க. எதுக்கும் ரெடியா இருக்கட்டும்."

"அதுவா? வீட்டுல கெடக்குண்ணே."

"கொண்டாரலயா?"

"எதுக்குண்ணே? நம்ம மெஷின் நல்லாதானே இருக்கு."

நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் ஒரு சட்டைப்பையில் ஒன்று, இன்னொரு சட்டைப்பையில் ஒன்று, பேட்டரியோடு, முந்தின நாளே சார்ஜ் ஏற்றி வைத்திருப்பேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெனரேட்டர் நிற்காதா என்று அம்மனையே வேண்டியிருப்பேன். அவர் முகத்தில் எங்கேயாவது அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். மயில் பச்சையாக இருந்தபோது பார்த்தேன், நீலமாக மாறியபோதும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் ஒரு போத்தலைத் திறந்து என்னிடம் நீட்டினார். என் தலையில் முடி இல்லாதது, எனக்கு மீன் வால் வருவது, எல்லாவற்றையும்விட அந்த ஒன்றும் இல்லாத முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமையாக இருந்தது.

'மேல வந்து ஒக்காருங்க சகல' என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழுந்தும்விட்டேன். அப்போது ஒரு வாசலில் இருந்து, "அண்ணே, மயில ஒரு தடவ விரிங்க" என்று ஒரு குரல் வந்தது.

போத்தலை வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து, கொஞ்சம் யோசிப்பது போல இருந்துவிட்டு, விசையைத் தட்டினேன்.